ஒட்டி மறைக்கப்பட்ட இரு பக்கங்கள்

ஆன் பிராங்கின் நாட்குறிப்பை நாஸிக் கொடுமையின் சாட்சியமாகவே நாம் படிக்கின்றோம், படிப்பிக்கின்றோம். அது தவறன்று. ஆயின், வளரும் பெண்ணொருத்தி தன் வயதொத்தாளுக்கு வளர்ச்சியைப் பற்றி எடுத்துரைத்த நூலுமாகும் அது. இக்கூற்றை விமர்சகர் பெரிதும் பொருட்படுத்திலர்.

1942 ஜூன் 12இல், பதின்மூன்றாவது பிறந்த நாளில், அவளுக்கு அக்குறிப்பேடு கிடைத்தது. அடுத்த மாதமே ஆம்ஸ்டர்டாமில் தலைமறைவு வாழ்வு தொடங்கியது. தாயிடம் மனந்திறக்க இயலாத அவள் 'கிற்றி' என்னும் கற்பனைத் தோழிக்கே அனைத்தையும் எழுதினாள். மாதவிடாயின் நோவைக் கூறியவள், அதனை ஆவலோடு எதிர்நோக்குவதாகவும் எழுதத் துணிந்தாள். 1944 மார்ச்சில் பெண்ணுடலின் அமைப்பை நல்லாசிரியை ஒருத்திபோல் விளக்கினாள். அங்கே நாணமுமில்லை, ஆபாசமுமில்லை.

1947இல் தந்தை ஓட்டோ பிராங்க் நூலை வெளிப்படுத்தியபோது இத்தகைய பகுதிகள் சில விடுபட்டன. மகளைப் பறிகொடுத்த தந்தையை நோக என் மனம் ஒப்பவில்லை. எனினும், உலகின் கைக்குக் கிட்டியவள் பாதி உடல் மறைக்கப்பட்ட சிறுமியே. 1991இல் வந்த விரிந்த பதிப்பில்தான் பொதுவாசகர் அப்பகுதிகளைக் கண்டனர். 2013இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துத் தாயொருவர், அம்மார்ச்சுப் பகுதி மாணவிக்கு ஏற்றதன்றென முறையிட்டார். எழுதியவளும் அவ்வயதினளே என்பது அவருக்குத் தோன்றவில்லை போலும்!

2018இல் மற்றொன்று வெளிவந்தது. பழுப்புத் தாள் ஒட்டி மறைக்கப்பட்டிருந்த இரு பக்கங்களை ஆய்வாளர் படித்தறிந்தனர். 1942 செப்டெம்பர் 28இல் எழுதப்பட்ட அவற்றில் கொச்சைப் பகிடிகள் நான்கு உள்ளன. அவற்றுடன், பாலியலறிவை ஒருவருக்குப் புகட்ட நேரின் எவ்வாறு கூறுவதென்னும் ஒத்திகையும் உண்டு. அவ்வறிவு அரைகுறையானது. திருமணத்திற்கு முன் கூடாதென்ற நடுத்தர வர்க்க ஒழுக்கவிதியையும் அவள் அதனோடேயே சேர்த்து ஒப்புவிக்கிறாள். சிறுமியர் சிறுமியர்க்குக் கூறும் அறிவுரையில் மூத்தோர் குரல் கலவாதிருத்தல் அரிது. ஆயினும், பகிடியோடு கலந்து பயமின்றிச் சொல்லும் அத்தொனி மூத்தோரிடம் கிடைப்பதன்று. எண்மர் ஒடுங்கியிருந்த இடத்தில் பிறர் கண்ணுக்கஞ்சி அவளே அத்தாளை ஒட்டியிருத்தல் கூடும். அவ்வாறு மறைக்கப்பட்டதைப் படித்தது முறையா என்ற ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை.

1991இல் வந்த பதிப்பின் நிலை வேறு. பள்ளி நூலகத்திற்கு இந்நூலின் மொழிபெயர்ப்பை வாங்கும் ஆசிரியர், அது எப்பதிப்பைத் தழுவியதென்று முதற் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.