பெரிய கோயில் ஓவியங்களில் மூலிகைச் சாறா?

தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களைப் பற்றிப் பேசுவோர் பலரும் ஒரு வாக்கியத்தைத் தவறாமல் சொல்கிறார்கள்: "மூலிகைச் சாற்றால் தீட்டியவை, அதனால்தான் ஆயிரம் ஆண்டுகளாக அழியவில்லை." பட்டுக்கோட்டையில் பள்ளிக் கண்காட்சி ஒன்றிலும் இதையே அழகாக எழுதி மாட்டியிருந்தார்கள். பாராட்டுப் போலத் தோன்றும் இவ்வாக்கியம் அந்த ஓவியர்களுக்கு இழைக்கப்படும் அநீதி என்பேன்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பைச் சேர்க்கிறோம், உடனே செந்நிறமாகிவிடுகிறது. சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. செடிகொடிச் சாயங்கள் பலவும் அதன்முன் நிறம் மாறும், அல்லது வெளிறும். ஆனால் மஞ்சட்காவி மண்ணைச் சுண்ணாம்பில் குழைத்தால் மஞ்சளாகவே இருக்கும். பெரிய கோயில் ஓவியங்கள் சுண்ணாம்புப் பூச்சின் மீதுதானே இருக்கின்றன?

கோயில் 1010-இல் நிறைவுற்றது. கருவறையைச் சுற்றிய இருண்ட உள்திருச்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பின்னர் வேதியியலறிஞர் எஸ். பரமசிவன் அவற்றை ஆராய்ந்து, ஈரச் சுண்ணாம்பில் தீட்டியவை என்று முடிவு கண்டார். பூச்சு ஈரமாக இருக்கும்போதே காவி, கரி போன்ற நிறப்பொடிகளை நீரில் குழைத்துத் தீட்டுவது இம்முறை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மீண்டும் கல்லாக இறுகுகிறது. நிறத்துகள்கள் அந்தப் படிகங்களுக்குள் சிறைப்படுகின்றன. பசையே வேண்டியதில்லை.

"இருட்டில் மூடிக் கிடந்ததால் தப்பின" என்றும் சிலர் சொல்வர். அதில் பாதி உண்மை உண்டு. சீனாவில் சியான் நகருக்கு அருகே, 706-இல் எழுந்த யோங்தாய் இளவரசியின் கல்லறை ஓவியங்களும் இருட்டில்தான் கிடந்தன. 1960-களின் தொடக்கத்தில் அதை அகழ்ந்தெடுத்தபின், ஓவியங்களைச் சுவரிலிருந்து பெயர்த்து அருங்காட்சியகத்தில் காக்க வேண்டியதாயிற்று. தஞ்சையிலோ எட்டாம் நூற்றாண்டுச் சீனக் கல்லறையைப் போல முற்றும் மூடிய அறை இல்லை. விளக்குப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த சுவர். அதிலும் நிறம் நின்றது.

இம்முறையில் ஒரு கெடுபிடி உண்டு. பூச்சு உலர்வதற்குள் வரைந்து முடிக்க வேண்டும். தவறினால் திருத்துவது எளிதன்று. இதை மனத்தில் கொண்டு திரிபுராந்தகரைப் பாருங்கள். எட்டுக் கைகள், விரிந்த கண்கள், தேரின் மீது ஊன்றிய கால். இத்தனை சிக்கலான உருவத்தில் கோடு எங்கும் தயங்கவில்லை. சுந்தரர் திருமணத்தைத் தடுக்க வரும் முதியவர் ஒரு கையில் குடையும் மறுகையில் ஓலையுமாக நிற்கிறார். அந்த உடல் நிலையிலேயே வழக்காடும் பிடிவாதம் தெரிகிறது. எனக்குத் திரிபுராந்தகரைவிட இவரையே பிடிக்கும். அரக்கரை அழிக்கும் கோபத்தைக் காட்ட எட்டுக் கைகள் உண்டு. கிழவரின் பிடிவாதத்தைக் காட்ட ஓவியனுக்குக் கிடைத்தது ஒரு கோடுதான்.

நாயக்கர் கால ஓவியர்களைப் 'பழையதை மறைத்தவர்கள்' என்று ஏசுவதும் சரியன்று. அவர்கள் இட்ட பூச்சு அடியிலுள்ளதற்கு உறையாயிற்று. தொல்லியல் துறையினர் அவ்வோவியங்களையும் அழிக்காமல், சிலவற்றைப் பெயர்த்து இழைக்கண்ணாடிப் பலகைகளில் பதித்துள்ளனர்.

மூச்சின் ஈரமும் விளக்கொளியும் கேடு செய்யும் என்பதால் உள்திருச்சுற்றுக்குள் பொதுமக்களை விடுவதில்லை. ஒரத்தநாடு வழியாகப் பேருந்தேறித் தஞ்சை செல்லும் நாம் கோயில் வளாகத்துக் காட்சிக்கூடத்தில் படங்களைத்தான் பார்க்க முடியும். அங்கே நிற்கும்போது வண்ணத்தை விட்டுவிட்டு, முதலில் அந்த முதியவரின் குடைக்காம்பைப் பிடித்த கையின் கோட்டைத் தேடுங்கள்.