ஓர் அடிக் கனம்: தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் தேர்க்கட்டை

கனமான கட்டையை அறுத்துச் சக்கரத்தின் மேல் ஏற்றும் தச்சு வேலைகளில் மிகக் கடினமானவை இரண்டு. ஒன்று பீரங்கி வண்டி, மற்றது கோயில் தேர். இரண்டும் டன் கணக்கில் பாரம் தாங்கவேண்டும். ஒரே நொடியில் வந்து விழும் அதிர்ச்சியையும் தாங்கவேண்டும். பீரங்கி சுடும்போது பின்னால் உதைக்கிறது. தேர் முட்டுக்கட்டையில் மோதி நிற்கிறது. பீரங்கி வண்டியின் காலம் முடிந்துவிட்டது. தேரோ தமிழகத்திலும் இலங்கையின் வடக்கு கிழக்கிலும் ஆண்டுதோறும் ஓடுகிறது. பழையது உளுத்துப்போனால் புதியது எழுகிறது.

பாக்கு நீரிணையின் இரு பக்கத்துத் தச்சர்களுக்கும் சாத்திரம் ஒன்று. வாச்சி, உளி, துறப்பணம் என்று கருவிகளும் பெரும்பாலும் ஒன்றே. ஆனாலும் கட்டையின் அளவும் அதை அறுத்துப் பொருத்தும் முறையும் இங்கொன்று அங்கொன்றாகப் பிரிந்திருக்கின்றன. கட்டையின் தரத்தை முடிவு செய்பவை வீதி, மரம், காலம் ஆகிய மூன்று. வீதியும் மரமும் ஊருக்கு ஊர் மாறுபடுவது இயல்பு. காலத்தை மட்டும் இரு பக்கத்தாரும் ஒன்றுபோலவே இழந்துகொண்டிருக்கிறோம். என் கவலை அதைப் பற்றியது.

வீதி கேட்கும் கனம்

தமிழகத்துப் பெரிய தேர்கள் ஊரின் நான்கு மாட வீதிகளையும் சுற்றிவருபவை. திருவாரூர் ஆழித்தேரை எடுத்துக்கொள்வோம். அலங்காரத்தோடு அது 96 அடி உயரம் நிற்கிறது. எடை ஏறத்தாழ 300 டன். இதில் மரத்தால் ஆன பகுதி உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அதற்கு மேல் மூங்கிலும் சவுக்குக் கழியும் தேர்ச்சீலையும் தொம்பைகளுமாகத் திருவிழாவுக்கென்று கட்டி, முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். எனவே எடை முழுவதும் அடித்தட்டில் குவிகிறது. அச்சின் மேல் கிடக்கும் உத்தரம், அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய பார், அதன் மேல் நராசனம், தேவாசனம் என்று ஏறும் தட்டுகள் எல்லாவற்றுக்கும் கனம் வேண்டியிருக்கிறது. அந்தத் தேருக்குத் திருப்புமுனை என்று தனி ஏற்பாடு எதுவும் கிடையாது. சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுத்து, மூலைகளில் இரும்புத் தகட்டில் மசகு தடவி, சறுக்கித்தான் திருப்பவேண்டும். அப்போது அச்சும் உத்தரமும் சேரும் இடத்தில் விழும் முறுக்கு சாதாரணமானதல்ல.

யாழ்ப்பாணத்தில் தேர் பெரும்பாலும் கோயிலின் வெளிவீதியைச் சுற்றிவந்து இருப்பிடம் சேர்கிறது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழாவில் 24ஆம் நாள் ஓடும் தேரும் அப்படித்தான். வீதி மணல். தேர் திருவாரூர் அளவுக்கு உயர்ந்ததல்ல, ஆனால் நிலையான மரத்தூண்களும் செதுக்கிய மேற்கட்டும் கொண்ட சித்திரத் தேர்கள் அங்கே பல. அவை பிரிக்கப்படாமல் அப்படியே உயர்ந்த தேர்க்கொட்டகைக்குள் போய் நிற்கும். ஆகவே அங்கே பாரம் அடியில் மட்டும் குவியாமல் மேலேயும் பரவியிருக்கிறது. அடிக்கட்டையின் கனம் சற்றுக் குறையலாம், ஆனால் தூண் இறங்கும் துளை கொஞ்சமும் ஆடக்கூடாது. மணலில் ஒரு பக்கச் சில்லு, அதாவது சக்கரம், இரண்டு அங்குலம் புதைந்தால் மேலே கலசம் அடிக்கணக்கில் சாயும். தமிழகத் தச்சர் முறுக்குக்கு அஞ்சி வேலை செய்கிறார், யாழ்ப்பாணத் தச்சர் சாய்வுக்கு அஞ்சுகிறார். இந்த இரண்டு அச்சங்களும் இரண்டு விதமான கட்டைகளைக் கேட்கின்றன.

காடு கொடுத்த மரம்

தமிழகத்தில் தேர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இலுப்பை. நல்ல எடை, எண்ணெய்ப் பசை, உளி பட்டால் சிதறாத நார் ஆகியவற்றால் பாருக்கும் பொம்மைகளுக்கும் அது ஏற்றது. கூடவே வேங்கையும் தேக்கும் சேரும். கோயில்களுக்கு இலுப்பைத் தோப்பு இருந்ததற்கு முதற்காரணம் விளக்குக்கான எண்ணெய். காய்த்து ஓய்ந்த மரம் தேருக்கும் வாகனத்துக்கும் ஆனது. மின்விளக்கு வந்ததும் எண்ணெயின் தேவை குறைந்தது, தோப்புகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. தேருக்கு மரம் தேடி இன்று ஊர் ஊராக அலைவதற்கு வேர் அங்கே இருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கும் நிலம். அங்கே பனை உண்டு, வேம்பு உண்டு, கோயிலடியில் இலுப்பையும் உண்டு. பெரிய காடு கிடையாது. கனமான மரம் தெற்கே உள்ள வன்னி நிலப்பரப்பிலிருந்து வரவேண்டும். வன்னியின் முதிரையும் பாலையும் உலகின் எந்த மரத்தோடும் தோள்கொடுத்து நிற்கக்கூடியவை. தேக்கின் எடை கன மீட்டருக்கு 650 கிலோ அளவு என்றால் முதிரை 900 கிலோவைத் தாண்டும்; பாலையின் வைரம் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். கறையான் எளிதில் தொடாது. ஆனால் ரம்பத்தின் பல்லை அவை விரைவில் மழுக்கும். துளை போடும்போது அவசரப்பட்டால் ஓரம் தெறித்துவிடும். இலுப்பையில் செதுக்கப் பழகிய கை பாலையில் தனியாகப் பழகவேண்டும்.

அந்த மரமும் எப்போதும் வந்துசேர்ந்ததில்லை. போர்க்காலத்தில் குடாநாட்டை வன்னியோடு இணைக்கும் ஏ9 பாதை ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்தது. குடாநாட்டில் இருந்த மரங்களும் பனைகளும் பதுங்குகுழிகளுக்காகச் சாய்க்கப்பட்டன. தொண்டைமானாறு செல்வச்சந்நிதி கோயிலின் பெருந்தேர் 1986இல் எரிந்தது. நீண்ட மரம் கிடைக்காத ஆண்டுகளில் துண்டு மரத்தை இணைத்து வேலை முடிக்கும் திறமைதான் தச்சரைக் காப்பாற்றும். இன்று பாதை திறந்திருக்கிறது. ஆனால் மரம் வெட்டவும் ஏற்றவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். காடு மிஞ்சவேண்டுமென்றால் அதுவும் வேண்டியதுதான்.

அறுக்கும் இடத்தில் நடப்பது

ஓர் அடிக்கு ஓர் அடி சதுரக் கட்டை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றே முக்கால் அடி விட்டமுள்ள மரத்தில் அது வந்துவிடும், ஆனால் மரத்தின் நடுச்சோறு கட்டைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். சோறு உள்ளே இருக்கும் கட்டை வெடிக்காமல் இருப்பது அரிது. மரம் உலரும்போது வளையத்தின் வழியே சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெளிப்பக்கம் இறுகப்பார்க்கும், நடு விட்டுக்கொடுக்காது, கடைசியில் மேற்பரப்பு பிளந்து வழிவிடும். சோற்றை ஒதுக்கி அதே அளவுக் கட்டை எடுக்க வேண்டுமானால் மூன்றடி விட்டமுள்ள மரம் தேவை. அப்படிப்பட்ட மரம் இன்று இரு நாட்டிலும் எளிதில் கிடைப்பதில்லை.

கிடைத்தாலும் அறுப்பு எளிதல்ல. பழைய முறையில் மரத்தை உயரத்தில் ஏற்றி, மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று நீண்ட வாளை இழுப்பார்கள். இரு முகத்திலும் நூல் அடித்திருப்பார்கள். மேலே நிற்பவர் தன் கோட்டைப் பார்ப்பார், கீழே நிற்பவர் தன் கோட்டைப் பார்ப்பார். இந்த இரட்டைக் கண்தான் கனமான கட்டைக்கு உயிர். ஓர் அடி ஆழத்தில் ரம்பம் ஒரே ஒரு பாகை சாய்ந்தாலும் அடி முகத்தில் ஏறத்தாழ இரண்டு நூல், அதாவது கால் அங்குலம் அளவு, விலகிவிடும். கதவு நிலையில் அதை இழைத்துச் சரிசெய்யலாம். அச்சு உட்காரும் இடத்தில் அந்த இரண்டு நூல் இடைவெளியே தேரின் ஆட்டமாக மாறும்.

இன்று தமிழகத்தில் அறுவை மில்லின் பட்டை ரம்பம்தான் முதல் அறுப்பைச் செய்கிறது. அது தூளாக்கும் மரம் குறைவு, கோடும் நேர். யாழ்ப்பாணத்திலும் மரக்காலைகளில் இயந்திர வாள் உண்டு. ஆனால் மரம் விழுந்த இடத்திலேயே சங்கிலி வாளால் பிளந்து ஏற்றிவந்தால் ஒவ்வொரு அறுப்புக்கும் பட்டை ரம்பத்தைவிடச் சில மடங்கு மரம் தூளாகப் போகும். அரிதாகக் கிடைக்கும் முதிரையை அப்படி இழப்பது எனக்குப் பொறுக்கவில்லை. கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பத்தின் தகடு இரண்டரை அங்குலத்துக்கு மேல் அதிகம் இறங்காது. கனமான கட்டையின் தலையை அதனால் வெட்டுவோர் நான்கு முகத்திலும் மூலைமட்டம் வைத்துக் கோடு சுற்றி, நான்கு பக்கமும் அறுத்து, நடுவில் மிஞ்சுவதைக் கைரம்பத்தால் முடிக்கிறார்கள். கருவி புதிது என்றாலும் நான்கு முகத்திலும் கோடு போடும் பழைய ஒழுங்கை விட்டால் வேலை கெடும்.

சக்கரமும் சில்லும்

இரு முறைகளும் மிகத் தெளிவாகப் பிரிவது இங்கேதான். தேர்ச்சக்கரம் வழிவழியாக ஆரமில்லாத முழுமரச் சக்கரம். கனமான பலகைகளை நெடுக்காக அடுக்கி, நாரோட்டம் குறுக்காக வரும்படி இணைப்புக் கட்டைகளைக் காடியில் இறக்கி, வட்டமாக வெட்டுவார்கள். ஆறடி விட்டமும் ஓர் அடிக் கனமும் உள்ள ஒரு சக்கரத்தில் 28 கன அடி மரம் இருக்கிறது; இலுப்பையானால் எடை முக்கால் டன்னை நெருங்கும். அதன் சுற்றளவு 226 அங்குலம். இரும்புப் பட்டையை 600 பாகை செல்சியஸ் அளவுக்குக் காய்ச்சினால் அது ஒன்றரை அங்குலத்துக்கு மேல் நீளும். அந்த நேரத்தில் சக்கரத்தின் மேல் இறக்கி நீர் ஊற்றினால் பட்டை சுருங்கிப் பலகைகளை ஒன்றாக நெரித்துப் பிடித்துக்கொள்ளும். பலகை ஈரமாக இருந்தபோது பட்டை ஏற்றியிருந்தால் மரம் உலர்ந்து சுருங்கியதும் பிடி தளர்ந்துபோகும்.

தமிழகம் பெரிய தேர்களில் இந்தச் சிக்கலிலிருந்து இரும்பின் வழியே வெளியேறியது. 1948க்குப் பின் ஓடாமல் நின்ற திருவாரூர்த் தேர் 1970இல் மீண்டும் ஓடியபோது அதற்குத் துணையாக வந்தவை திருச்சி பெல் ஆலையின் இரும்புச் சக்கரமும் நீரழுத்தத் தடையும். பின்னர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் தேர் உட்படப் பல தேர்கள் அந்த வழியில் போயின. நிலைசேர நாள்கணக்கில் ஆன தேர்கள் அன்றே நிலைசேர்ந்தன. மக்களின் உயிருக்கு அது பெரிய காப்பு. அதை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் இரும்புச் சக்கரம் நெகிழாது. முன்பு சக்கரத்தின் மரம் வாங்கிக்கொண்ட அதிர்ச்சியை இப்போது உத்தரம் வாங்குகிறது. அச்சுத் தாங்கியை இறுக்கும் ஆணிகளைச் சுற்றி ஈரம் தங்கினால் இரும்பு துருப்பிடிக்கும், மரம் கறுத்து நைந்துபோகும். இரும்பு வந்ததால் மரத்தின் தரத்தில் தளர்வு காட்டலாம் என்று நினைப்பது தவறு. தரம் இன்னும் கூடுதலாகவே வேண்டும். 2022 ஜூனில் தருமபுரி மாவட்டம் மாதேஹள்ளியில் தேர் சாய்ந்து இருவர் உயிரிழந்தபோது அச்சு முறிந்ததாகச் செய்திகள் வந்தன. அச்சும் அதைத் தாங்கும் கட்டையும் எவ்வளவு பொறுப்பானவை என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் இன்றும் பல தேர்கள் பட்டை ஏற்றிய மரச்சில்லில் ஓடுகின்றன. ஓடும் தூரம் குறைவு, மணலும் அதிர்ச்சியைக் குறைக்கிறது, எடையும் மட்டானது என்பதால் மரம் அங்கே தாக்குப்பிடிக்கிறது. பல துண்டுகளால் சில்லைக் கூட்டும்போது ஒவ்வொரு துண்டின் நாரோட்டத்தையும் பார்த்துத் திருப்பி வைக்கும் நுட்பத்தை இழந்துவிடக்கூடாது. பெரிய மரம் கிடைக்காத தமிழகப் பட்டறைகளும் அங்கிருந்து கற்கவேண்டியது அது. இரும்புச் சக்கரத்தின் தாங்கியையும் தடையையும் பற்றி இங்கே சேர்ந்திருக்கும் அறிவு, எடை கூடிக்கொண்டே போகும் யாழ்ப்பாணத்துப் புதுத் தேர்களுக்கு உதவும். தமிழகத்துச் சிற்பிகள் இலங்கைக் கோயில்களுக்குப் போய் வேலை செய்வது நெடுநாள் வழக்கம். அந்தப் போக்குவரத்து இரு திசையிலும் நடக்கவேண்டும்.

யாரும் கொடுக்காத காலம்

மரம் உலர ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது மரவேலைக்காரர் கைக்கணக்கு. நாரின் தலைப்பக்கத்தில் ஈரம் பக்கவாட்டைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக வெளியேறும். அதனால்தான் வெட்டிய தலையில் மெழுகோ வண்ணமோ பூசி, நிழலில், தரையில் படாமல், இடையிடையே காற்றுப் போகக் குச்சி வைத்து அடுக்குகிறோம். ஓர் அடிக் கட்டை முழுதாக உலர ஒரு தச்சரின் தொழில்வாழ்வில் பன்னிரண்டு ஆண்டு போய்விடும். அவ்வளவு காத்திருக்க முடியாதுதான். ஆனால் ஐந்தாறு ஆண்டு காத்த கட்டைக்கும் ஐந்தாறு மாதம் காத்த கட்டைக்கும் வேறுபாடு மலையளவு.

தமிழகத்தில் தேர்ப்பணி ஒப்பந்தப்புள்ளியில் தொடங்குகிறது. ஒப்பந்தம் எடுத்தவர் அதன் பிறகு மரம் தேடுகிறார்; குறித்த மாதத்துக்குள் தேரை ஒப்படைக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் உபயகாரரும் புலம்பெயர்ந்த உறவுகளும் பணம் சேர்க்கிறார்கள். அடுத்த கொடியேற்றத்துக்குள் வெள்ளோட்டம் பார்க்க விரும்புகிறார்கள். ஓரிடத்தில் கோப்பு அவசரப்படுத்துகிறது, மற்றோரிடத்தில் பக்தி அவசரப்படுத்துகிறது. பச்சைக் கட்டை இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லும்: மூன்றாம் கோடையில் வெடிக்கும். பிறகு பழி தச்சர் மேல் விழும்.

தீர்வு நம் கைக்கு எட்டியதே. மரம் வாங்கும் ஒப்பந்தத்தையும் தேர் செய்யும் ஒப்பந்தத்தையும் பிரிக்கவேண்டும். இன்று நல்ல நிலையில் ஓடும் தேருக்கே, அடுத்த பழுதுபார்ப்புக்கான அச்சுக்கட்டையும் உத்தரமும் இப்போதே அறுத்து, தேதி எழுதி, கோயில் கிடங்கில் அடுக்கப்படவேண்டும். தனித்தனியாக முடியாத சிறு கோயில்கள், யாழ்ப்பாணத்தில் ஒரு பகுதிக்கு ஒன்றாக, தமிழகத்தில் ஒரு வட்டத்துக்கு ஒன்றாக, பொதுக் கிடங்கு வைக்கலாம். தேருக்கு நன்கொடை தருபவர்களிடம் முதல் தவணையை மரத்துக்கென்று கேட்டு வாங்கலாம். தமிழகத்துக் கோயில் நிலங்களில் இலுப்பையையும் வன்னிக் கோயில்களின் காணிகளில் முதிரையையும் பாலையையும் நடலாம். 1957இல் தொடங்கிய மாமல்லபுரம் சிற்பக் கல்லூரி போன்ற இடங்களில் செதுக்கலைக் கற்பிக்கும் அதே அக்கறையோடு கட்டை தேர்வதையும் உலர்த்துவதையும் கற்பிக்கவேண்டும்.

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பம் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. மேலே தெரியும் சிற்பத்துக்குக் கிடைத்த அந்த மதிப்பு, கீழே மறைந்து கிடந்து பாரம் சுமக்கும் கட்டைக்கும் கிடைக்கவேண்டும். தேர் செய்ய முடிவெடுக்கும் ஒவ்வொரு திருப்பணிக் குழுவும் ஸ்தபதியிடம் எப்போது முடியும் என்று கேட்பதற்கு முன், மரம் எப்போது அறுத்தது என்று கேட்கட்டும்.