‘பொன்னியின் செல்வ’னில் நீர்வழியும் கரையும்: ஒரு மறுவாசிப்பு

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த வரலாற்றுப் புதினமாகும். அதனை அரியணைப் போட்டியின் கதையாகவே பெரும்பாலும் கற்பித்து வருகிறோம். ஏரியும் ஆறும் அதில் வருணனைக்குரிய பின்புலம் என்பது பொதுவான எண்ணம். கிள்ளான் பள்ளத்தாக்கில் வளரும் மாணவனுக்கோ பொன்னி ஏதோவொரு மாய உலகின் ஆறாகவே தோன்றுகிறது. இவ்விரு பார்வைகளும் புதினத்தின் அடிப்படையைத் தவறவிடுகின்றன. அரசு என்பது யாது என்னும் வினாவைக் கல்கி நீர்க்கரைகளில் வைத்தே எழுப்புகிறார் என்பது இக்கட்டுரையின் கருத்து.

புதினம் ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. இன்று கடலூர் மாவட்டத்தில் உள்ள வீராணம் ஏரியே அது. 2004 முதல் சென்னை நகருக்குக் குடிநீர் தரும் ஏரியும் அதுவே. அதன் 74 கணவாய்களை எண்ணியவாறு வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். முதற் பராந்தகனின் மகன் இராசாதித்தன் படைவீரர்களைக் கொண்டு அதனை அமைத்ததாகக் கல்கி கூறுகிறார். போருக்கெனத் திரட்டிய கைகள் மண் சுமந்தன என்பது இங்குக் கருதத்தக்கது. அதே கரையில் மக்கள் குடும்பம் குடும்பமாகக் கூடி உண்டு களிக்கின்றனர். அந்நேரம் பழுவேட்டரையரின் பனைக்கொடி தாங்கிய படகுகள் வருகின்றன. காவலர் மக்களை விலக்குகின்றனர். ஆக்கும் அரசையும் அகற்றும் அதிகாரத்தையும் ஒரே ஏரி ஒரே அத்தியாயத்தில் காட்டிவிடுகிறது. பின்னர் விரியும் சதியின் முதற்குறிப்பும் இதுவே எனலாம்.

ஏரி அரசின் ஆக்கம் என்றால் துறை பொதுமக்களின் இடம். கொள்ளிடத்தைக் கடக்கும் ஓடத்தில் ஆழ்வார்க்கடியான் ஏறுவதைச் சைவர் ஒருவர் எதிர்க்கிறார். ஆயினும் அனைவரும் ஒரே ஓடத்தில்தான் அக்கரை சேர வேண்டியுள்ளது. சமயப் பூசலைக் கல்கி அறிவுரையால் அன்றி ஓடத்தின் இடநெருக்கடியால் எள்ளுகிறார். கோடிக்கரையிலோ, வாள்வலி மிக்க வந்தியத்தேவன் ஈழம் செல்வதற்குப் பூங்குழலியின் துடுப்பை நம்பியிருக்கிறான். நோயுற்ற அருள்மொழிவர்மனைக் கால்வாய் வழியே நாகைப்பட்டினம் கொண்டு சேர்ப்பவர்களும் பூங்குழலியும் சேந்தன் அமுதனுமே. அரசகுலத்தின் உயிர் எளியோர் செலுத்தும் படகில் தங்கியுள்ளது என்பதே இப்பயணங்கள் உணர்த்தும் செய்தியாகும்.

இங்குப் புதினத்தின் குறையொன்றையும் சுட்டுதல் வேண்டும். இளவரசனுக்கு அடைக்கலம் தருவது நாகைச் சூடாமணி விகாரம். கதை நிகழ்வதோ கி.பி. 970-ஐ ஒட்டிய காலம். அவ்விகாரம் இராசராசன் காலத்தில் கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் பெயரால் எழுந்தது என்பதையும், அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் அளிக்கப்பட்டது என்பதையும் ஆனைமங்கலச் செப்பேடு தெரிவிக்கிறது. அக்கொடை ஏறத்தாழ கி.பி. 1006-ஐச் சார்ந்தது. புதின ஆசிரியர் காலத்தை முன்னே நகர்த்துவது பிழையன்று. ஆனால், விகாரத்தை முன்னே கொணர்ந்தவர் அதனை எழுப்பிய கடல்கடந்த மக்களைக் கதையின் முன்னணிக்குக் கொணரவில்லை. கொள்ளிடத்து ஓடக்காரருக்கும் கோடிக்கரைப் பெண்ணுக்கும் கிடைத்த குரல் கடாரத்துக் கலமோட்டிக்குக் கிட்டவில்லை.

இவ்விடைவெளி மலேசியத் தமிழாசிரியர்க்குரிய பணியிடம். பொதுவாகக் கடாரத்தோடு இணைத்துப் பேசப்படும் கெடாவில், சுங்கை பத்துவில் 2009 முதல் நடந்த அகழாய்வுகள் இரும்பு உருக்கிய தடயங்களையும் படகுத்துறையின் எச்சங்களையும் வெளிக்கொணர்ந்தன. நாகைக்கு எதிர்க்கரை நம் நாட்டிலேயே உள்ளது. பிரிக்பீல்ட்ஸை ஒட்டி ஓடும் கிள்ளான் ஆற்றை நாள்தோறும் இரயிலில் கடக்கும் மாணவனிடம் இப்புதினத்தைக் கொடுக்கும்போது, ‘அடுத்த அரசன் யார்?’ என்னும் வினாவோடு, ‘இக்கரையை அமைத்தவர் யார், இங்கிருந்து விலக்கப்பட்டவர் யார், ஓடம் செலுத்தியவர் யார்?’ என்னும் வினாக்களையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும். அவ்வாறு பழகியவன் தன் ஊரின் ஆற்றையும் அக்கண்கொண்டே நோக்குவான். பொன்னியும் அவனுக்கு மாய உலகின் ஆறாக இராது.