ஜூன் 24

ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்கு ஆண்டு விழா என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்திரைத் திருவாதிரையில் உடையவருக்கு உற்சவம் நடக்கிறது. 1017-இல் அவதரித்தவருக்கு 2017-இல் ஆயிரமாவது ஆண்டையும் கொண்டாடிவிட்டார்கள். நட்சத்திரம்தான் கணக்கு, இங்கிலீஷ் தேதிக்கு அங்கே வேலையில்லை. திருவையாற்றில் தியாகராஜ ஸ்வாமிகளுக்கும் புஷ்ய பகுள பஞ்சமி என்று திதி பார்த்துத்தான் ஆராதனை. சினிமாப் பாட்டுக்கு மட்டும் காலண்டர் தேதி போதும் என்று எப்படியோ ஏற்பட்டுவிட்டது. அந்தத் தேதிகளிலே மிகவும் செல்வாக்குள்ளது ஜூன் 24.

என் தங்கை மகன் ஒரகடத்துப் பக்கம் மோட்டார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். "மாமா, எங்க குடியிருப்பிலே கண்ணதாசன்–விஸ்வநாதன் பிறந்த நாள் விழா. நீங்க கதை எழுதறவர். வந்து நாலு வார்த்தை பேசணும்" என்றான். நாலு வார்த்தை என்றால் நான் நாற்பது பேசிவிடுவேன் என்பது அவனுக்குத் தெரியும். இருந்தும் கூப்பிட்டான். போனேன்.

மேடையிலே பின்னணி இசையை ஒரு பெட்டியிலிருந்து ஓடவிட்டுப் பாடினார்கள். அறிவிப்பாளர் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும், "1927 ஜூன் 24-இல் சிறுகூடல்பட்டியில் சொல் பிறந்தது, 1928 ஜூன் 24-இல் பாலக்காட்டு எலப்புள்ளியில் இசை பிறந்தது" என்றார். கை தட்டினார்கள். முதல் தடவை நானும் தட்டினேன். நாலாவது தடவை எனக்கு லேசாகக் கோபம் வந்தது.

ஒரு தேதி ஒற்றுமை ரஸிகனுக்குச் சந்தோஷம், விமர்சகனுக்குச் சோம்பேறித்தனம். "இருவரும் ஒரே நாளில் பிறந்தவர்கள், அதனால்தான் பாட்டு இப்படி இழைந்தது" என்று சொல்லிவிட்டால் அப்புறம் பாட்டைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அமெரிக்காவில் 1959 பிப்ரவரி 3-ஆம் தேதி பட்டி ஹாலி முதலிய மூன்று பாடகர்கள் சிறு விமானத்தில் போய் மாண்டார்கள். டான் மெக்லீன் என்பவர் 1971-இல் பாடிய பாட்டு ஒன்றுதான் அந்த நாளுக்குப் பெயரே வாங்கிக் கொடுத்தது. அங்கே ஒரு பாட்டு நாளை உண்டாக்கிற்று. நம்மிடம் நாள் பாட்டுகளைப் பொறுக்கி எடுக்கிறது.

எப்படிப் பொறுக்குகிறது? அன்று மாலை பதினான்கு பாட்டுகள். பதினொன்று 1965-க்கு முற்பட்டவை. அதாவது, அவற்றின் இசை விஸ்வநாதன் ஒருவருடையது அல்ல, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இருவருடையது. சி.ஆர். சுப்பராமன் 1952-இல் காலமானதும், அவரிடம் இருந்த இவர்கள் இருவரும் அரைகுறையாக நின்ற படங்களை முடித்துக் கொடுத்து, 'பணம்' படத்திலிருந்து சேர்ந்தே இசையமைத்தார்கள். 1965-இல் 'ஆயிரத்தில் ஒருவ'னோடு பிரிந்தார்கள். 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டம் 1963-இல் இருவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. பன்மை விகுதியைக் கவனியுங்கள். டி.கே. ராமமூர்த்தி திருச்சிக்காரர், பிடில் வித்வான், 2013-இல் காலமானார். அவர் செய்த ஒரே பிழை ஜூன் 24-இல் பிறக்காததுதான் என்று தோன்றுகிறது. வாலிக்கும் இதே கதி. 'படகோட்டி' (1964) படத்தின் பாட்டுகள் எல்லாம் அவருடையவை. அவற்றை அன்று யாரும் தொடவில்லை.

என் முறை வந்தபோது இதைத்தான் சொன்னேன். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "ஸார், இன்னிக்குப் பிறந்த நாள். கணக்குத் தீர்க்கிற நாள் இல்லே" என்றார். சபை சிரித்தது. நியாயமான சிரிப்புதான். ஆனாலும் பெரியவருக்கு நான் ஒரு பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தேன். 'பாசமலர்' தாலாட்டைப் பற்றிப் பேசினேன்.

1961-இல் வந்த படம். பகைத்துப் பிரிந்த அண்ணனும் தங்கையும் தத்தம் வீட்டில் தத்தம் குழந்தையைத் தாலாட்டுகிறார்கள். டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் மாறி மாறிப் பாடுகிறார்கள், மெட்டு ஒன்றுதான். அந்த மெட்டு வெகு எளிது. குரல் வளமே இல்லாத என் போன்றவனும் முணுமுணுத்துவிடலாம். ஆனால் வார்த்தையைப் பாருங்கள். தாலாட்டில் மாமன் பெருமை பேசுவது நம் வீட்டுப் பாட்டிமார் வழக்கம். மாமன் சீர் கொண்டு வருவான், யானை மேல் வருவான் என்று பாடுவார்கள். கண்ணதாசன் அந்த வழக்கத்தை எடுத்து, வராத மாமனுக்கு வைத்துப் பாடுகிறார். பகை என்ற சொல்லே தேவைப்படவில்லை. மெட்டு தூங்கச் சொல்கிறது, சொல் தூங்கவிட மாட்டேன் என்கிறது. இந்த இழுபறிதான் பாட்டு. ஒரே நாளில் பிறந்த ஒற்றுமை இதில் எங்கே இருக்கிறது?

எல்லாப் பாட்டிலும் சொல் ஜெயிக்கவில்லை. 'கர்ண'னில் (1964) வடநாட்டு ராகங்கள் பொங்கி வரும்போது கவிஞர் பல இடங்களில் பேசாமல் ஒதுங்கிக் கொள்கிறார். அதுவும் ஒரு சாமர்த்தியந்தான். 'அபூர்வ ராகங்க'ளில் (1975) இருவரும் சமமாக நின்றார்கள்; அந்தப் படத்துக்குப் பாடிய வாணி ஜெயராம் தேசிய விருது பெற்றார். நாற்பதைத் தாண்டிய இரண்டு தொழிலாளிகள், ஒருவர் கையை ஒருவர் நன்றாக அறிந்து செய்த வேலை அது.

தொழிலாளிகள் என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். சபைக்குப் பின்னால் ஒடிஸாவிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் பையன்கள் சிலர், அடுத்த ஷிப்டுக்கு அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி நின்றிருந்தார்கள். தமிழ் புரியாது, மெட்டுக்குத் தலை ஆடிற்று. அந்த வயசில் விஸ்வநாதன், மலையாளம் வீட்டு மொழியாக இருந்த பிள்ளை, கோயம்புத்தூர் ஸ்டுடியோவில் எடுபிடி வேலை செய்துகொண்டிருந்தார். எட்டாவதோடு படிப்பை விட்ட முத்தையா, பிற்பாடு கண்ணதாசனானவர், திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் சின்ன வேலைக்குப் போனார். இருவருக்கும் பொதுவான விஷயம் வேண்டுமென்றால் இதைச் சொல்லலாமே! ஆர்மோனியத்துக்கு முன்னால் உட்கார்ந்து மெட்டைச் சொல்லச் சொல்ல, ஒருவர் வரியைச் சொல்ல, உதவியாளர் பஞ்சு அருணாசலம் எழுதிக்கொள்ள, மறுநாள் ஒலிப்பதிவுக்குப் பாட்டு தயாராக வேண்டும். படக் கம்பெனியின் கெடு நாள்தான் அவர்களுடைய காலண்டர்.

விழா முடிந்து, என்னைப் பஸ் ஏற்றிவிட வந்த மருமகன், "பெரியவர் மனசு நொந்திருப்பார் மாமா" என்றான். இருக்கலாம். இரவு ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ் ஒன்று எங்களுக்கு முன்னால் வந்து நின்றது. டிரைவர் பாட்டு வைத்திருந்தார்: 'மூன்றாம் பிறை'யின் தாலாட்டு. கண்ணதாசன் 1981 அக்டோபரில் போய்விட்டார். படம் 1982-இல் வந்தது. அவருடைய கடைசிப் பாட்டு அதுதான் என்பார்கள். இசை இளையராஜா. ஆகவே விழாவில் அதற்கு இடமில்லாமல் போயிற்று.

பையன்கள் ஏறிக்கொண்டார்கள். டிரைவர் கதவைச் சாத்தினார். பாட்டு சரணத்தில் இருந்தது.