1961ஆ, 2020ஆ? ஒரு பட்டு மணஉடையின் வயது

2020 ஜூலை 17 அன்று விண்ட்சரில் நடந்த திருமணத்தில் பிரிட்டிஷ் இளவரசி பியாட்ரிஸ் அணிந்தது, பாட்டி இரண்டாம் எலிசபெத்தின் பழைய பட்டு கவுன். நார்மன் ஹார்ட்னெல் வடிவமைத்த அதை ஆஞ்சலா கெல்லியும் ஸ்டூவர்ட் பார்வினும் பேத்திக்காக மாற்றித் தந்தார்கள். பரம்பரைத் துணியில் இப்படிக் கை வைக்கலாமா? வைத்த பிறகு அதற்கு எந்த ஆண்டைச் சொல்வது?

வயதைப் பற்றிய பேச்சில் முதலில் வருவது 1962. ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ படத்தின் லண்டன் முதல் காட்சிக்கு அரசி இதே உடையில் வந்தார். ஆனால் உடுத்திய நாள் தைத்த நாள் ஆகாது. 1961இல் ரோம் பயணத்திலேயே இதை அவர் உடுத்தியிருக்கிறார். 1966இல் நாடாளுமன்றத் தொடக்கத்துக்கும் உடுத்தினார். புகைப்படம் ‘இதற்குப் பிறகு தைத்ததல்ல’ என்பதற்கு மட்டுமே சாட்சி. எனவே 1962 தள்ளுபடி.

மாற்றங்களில் எல்லார் கண்ணும் போவது, புதிதாக வைத்த ஆர்கன்சா கைகளின் மேல். எனக்கு அது சிறிய விஷயம். சேர்த்த தையலைப் பிரித்துவிடலாம். கட்டம்கட்டமாகக் கற்கள் பதித்த மார்புப் பகுதி, அதாவது ஹார்ட்னெல்லின் உயிரான வேலை, அப்படியே இருக்கிறது. பெரிய மாற்றம் கீழே இருக்கிறது. பழைய படங்களில் குடைபோல் விரிந்து நின்ற பாவாடை, 2020இல் தளர்ந்து இறங்குகிறது. அறுபதுகளின் தொடக்கத்தைச் சொன்னதே அந்த விரிவுதான். இங்கே ஓர் இழப்பு உண்டு, அதை மறைக்கக்கூடாது.

வேறு வழி இருந்ததா? விக்டோரியா அரசி 1840இல் தன் மணஉடையில் வைத்த ஹானிட்டன் லேஸைத் தனியே எடுத்துப் பலமுறை பயன்படுத்தினார். 1885இல் மகள் பியாட்ரிஸுக்கும் அதைத் தந்தார். லேஸ் பயணித்தது, சாட்டின் உடை அணியிழந்து பின்தங்கியது. ஆடையைத் துண்டாக்கும் அந்த வழியை நான் ஏற்கமாட்டேன். இன்னொரு வழி நகல். 1841 முதல் அரச குடும்பக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானத்தில் உடுத்திய பட்டு அங்கி நைந்துபோனபோது அதே ஆஞ்சலா கெல்லி நகல் செய்தார். 2008 முதல் நகல்தான் பயன்பாட்டில் இருக்கிறது. அங்கே நகல் சரி, ஏனென்றால் பட்டு நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அறுபது வயதுப் பட்டு, தாங்குகிற நிலையில் இருந்தால், உடுத்தலாம்.

ஆகவே, மாற்றியது சரி. ஆனால் அதை ‘அறுபதுகளின் உடை’ என்று மட்டும் சொல்வது தவறு. ‘1961க்குள் தைத்தது, 2020இல் மாற்றியது’ என்று இரண்டு ஆண்டுகளையும் எழுதுவதே நேர்மை. பரம்பரை மணஉடையை மாற்றப்போகிறவர்கள் பிரிக்கக்கூடிய கைத்தையலையே கேளுங்கள், கழற்றிய துண்டுகளை உடையோடு வையுங்கள், மாற்றிய ஆண்டை ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள்.