விண்வெளிப் படங்களும் மலையகத்து முகங்களும்

நூலையும் நாடகத்தையும் விமர்சிக்கும் நாம் ஒரு படக்களஞ்சியத்தை விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஒருவர் எழுதிய நூலுக்கு நோக்கம் உண்டு; ஆயிரம் கைகள் சேர்த்த படக்குவியலுக்கு என்ன நோக்கம் என்று அவர்கள் கேட்கக்கூடும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எதற்குப் பெயர் எழுதுவது, எதை வெறும் காட்சியாக வைப்பது என்னும் முடிவுகள் யாவும் ஒரு சமுதாயம் செய்யும் முடிவுகளே. நூலில் மறைந்து நிற்கும் மனம் இத்தகைய பட்டியல்களில் வெளிப்பட்டு விடுவதுண்டு. அந்த எண்ணத்தோடு, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா உலகுக்குத் திறந்துவைத்திருக்கும் படங்களை, சிறப்பாக அப்போலோப் பயணங்களின் படங்களை, இந்த மலையகத்தில் நின்று பார்க்க விரும்புகிறோம்.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். அமெரிக்க நடுவண் அரசின் ஊழியர் தம் பணியில் ஆக்கும் எதற்கும் அந்நாட்டுச் சட்டப்படி பதிப்புரிமை கிடையாது. ஆகவே நாசாவின் படங்களுள் மிகப் பெரும்பாலானவற்றை எவரும் எடுத்தாளலாம். பொதுப் பணத்தில் விளைந்தது பொதுச் சொத்து என்னும் நெறி முதலாளித்துவத்தின் தலைநாட்டில் இந்த ஒரு மூலையிலாவது நடைமுறையில் இருப்பதைப் புன்னகையோடு குறித்துக்கொள்ளலாம். ஆர்வலர் ஒருவர் 1999இல் தொடங்கிய அப்போலோப் படத்தொகுப்பு, நிலவுப் பயணிகள் ஏந்திச் சென்ற ஹசல்பிளாட் கமெராக்களின் 8,400க்கும் மேற்பட்ட படங்களை 2015ஆம் ஆண்டில் இணையத்தில் ஏற்றியது. அவற்றுள் மங்கியவை உண்டு. ஒளி பட்டு வெளிறியவை உண்டு. எதுவுமே விளங்காத படங்களும் உண்டு. அழகானவற்றை மட்டும் பொறுக்கிக் காட்டாமல் பிழைபட்டதையும் சேர்த்துக் காட்டும் நேர்மை, வரலாறு பயிலும் மாணவனுக்குப் பெரும் வாய்ப்பு. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ உள்ள ஒரு பாடசாலை உரிமைக் கட்டணம் என ஒரு சதமும் கொடாமல் இவற்றை அச்சிட்டுச் சுவரில் ஒட்டிப் பாடம் நடத்தலாம்.

சோவியத் நாட்டின் நிலை இவ்வாறு இருக்கவில்லை. 1959 அக்டோபர் 7ஆம் நாள் லூனா 3 நிலவின் மறுபக்கத்தை மனிதன் கண்ணுக்கு முதன்முதலாகக் காட்டியது. பிலிமை விண்கலத்துக்குள்ளேயே கழுவி, உலர்த்தி, வரிவரியாக ஒளியால் வாசித்து, வானொலி அலையாக்கிப் பூமிக்கு அனுப்பிய அச்சாதனையை எத்துணை புகழ்ந்தாலும் தகும். ஆயின் 1966 பெப்ரவரியில் லூனா 9 நிலவில் மெல்ல இறங்கி அனுப்பிய படங்களை, மொஸ்கோ வெளியிடுமுன் இங்கிலாந்தின் ஜோட்ரல் பாங்க் நிலையம் பிடித்துவிட்டது. ஆங்கில நாளிதழ் ஒன்று அச்சிட்டும் விட்டது. 1961 டிசம்பரில் யூரி ககாரின் இலங்கைக்கு வந்தார். அவரை ஏற்றிச் சென்ற ரொக்கெட்டின் தலைமை வடிவமைப்பாளரான சேர்ஜி கொரலேவின் பெயரோ, 1966 ஜனவரியில் அவர் இறந்த பின்னரே உலகுக்குத் தெரியலாயிற்று. உழைப்பின் பெயரால் ஆண்ட ஓர் அரசு தன் தலைசிறந்த உழைப்பாளி ஒருவரின் பெயரையே மூடி வைத்தது. சோஷலிசத்தின்பால் நமக்குள்ள பற்று இதைச் சொல்லத் தடையாகக் கூடாது.

பெயர் என்ற பேச்சு வந்துவிட்டது, அதையே தொடர்வோம். 1968 டிசம்பர் 24ஆம் நாள் அப்போலோ 8 நிலவைச் சுற்றியபோது, அதன் வறண்ட விளிம்புக்கு மேலே நீலப் பூமி எழுந்த காட்சியைப் பிடித்த படத்தை அறியாதார் இலர். அதன் எண் ஏ.எஸ். 08-14-2383. முதலில் நிற்பது பயணத்தின் எண். அடுத்தது பிலிம் பெட்டியின் எண். இறுதியிலுள்ளது அந்தப் படத்துக்கேயுரிய எண். லென்ஸின் அளவு 250 மில்லிமீற்றர் என்பதும் பதிவாகியுள்ளது. எடுத்தவர் தளபதி போர்மனா, உடன் சென்ற அண்டர்ஸா என்று பல ஆண்டுகள் கருத்து மாறுபாடு நிலவியது. கலத்தினுள் பதிவான உரையாடலையும் படங்களையும் ஒப்பிட்டு, எடுத்தவர் வில்லியம் அண்டர்ஸ் என்று நிறுவினார்கள். ஒரு நொடியில் ஒரு பொத்தானை அழுத்திய விரல் யாருடையது என்று அறிய இத்தனை ஆராய்ச்சி! இதை நாம் எள்ளவில்லை. மனிதனின் செயலோடு அவன் பெயரைச் சேர்த்து வைப்பது நாகரிகம். அந்த நாகரிகம் எந்த வாசற்படியில் நின்றுவிட்டது என்பதே நம் வினா.

அப்போலோக் கலத்தை வழிநடத்திய கணிப்பொறியின் நிலை நினைவகம் நெய்யப்பட்டது. உவமையாகச் சொல்லவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்து வோல்தம் நகரில், ரேத்தியன் நிறுவனத்தின் தொழிற்சாலையில், பெண்கள் அமர்ந்து சிறு காந்த வளையங்களினூடே செப்புக் கம்பியை ஊசியால் கோத்தார்கள். கம்பி வளையத்துக்குள் புகுந்தால் ஒன்று. புறத்தே சென்றால் பூச்சியம். ஒரு கம்பி இடம் மாறினால் கட்டளை மாறிவிடும். நிலவில் நடந்தவர் அணிந்த 21 அடுக்கு உடையைத் தைத்தவர்களும், மகளிர் உள்ளாடைக்குப் பேர்போன பிளேடெக்ஸ் நிறுவனத்தோடு இணைந்த தொழிற்சாலையின் தையற் பெண்களே. இவர்களுடைய படங்கள் இல்லாமலில்லை. தலை குனிந்து வேலை செய்யும் பெண்ணைக் காண்கிறோம். குறிப்பிலோ கருவியின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் முந்தி நிற்கின்றன. பொறியியலாளர் அந்த நினைவகத்தைக் 'கிழவி நினைவகம்' என்று பொருள்படும் கேலிப் பெயரால் அழைத்தார்களாம். சிலருடைய பெயர்கள் மிகப் பிந்தித்தான் தேடி எடுக்கப்பட்டன.

மலையகத்தாருக்கு இது புதிய கதையன்று. கொழுந்து கிள்ளப் பெண்ணின் விரலே ஏற்றது என்று தலைமுறை தலைமுறையாகப் புகழ்ந்து வருகிறார்கள். விரலைப் புகழ்பவர் விரலுக்குரியவளின் பெயரைக் கேட்பதில்லை. பயின்று பெற்ற திறனைப் பிறவிக் கொடை என்று சொல்லிவிட்டால், அதற்காகக் கூலியை உயர்த்த வேண்டியதில்லையன்றோ?

இந்தியாவின் படங்களுக்கும் இது பொருந்தும். 1981இல் ஆப்பிள் என்னும் செய்மதியை மாட்டுவண்டியில் ஏற்றிச் சோதித்தனர். உலோகச் சட்டமுள்ள வண்டி அலைவாங்கிச் சோதனையைக் கெடுக்கும் என்பதால் மரவண்டியைத் தேடிச் சென்ற அறிவுக் கூர்மை அது. அதை வறுமைச் சின்னமாகக் காட்டி நகைப்போர் படத்தைச் சரியாகப் படிக்காதவர். எனினும் நாம் கண்ட குறிப்புகளிலெல்லாம் செய்மதியின் பெயர் இருக்கிறது. வண்டிக்காரரின் பெயர் இல்லை.

வண்டிக்காரரை விட்டு நம் மலைக்கு வருவோம். பொகவந்தலாவையில் தூய மரியாள் ஆலயத்து மயானத்தில் ஓர் ஆங்கிலப் புகைப்படக் கலைஞரின் கல்லறை இருக்கிறது. ஜூலியா மார்கரெட் கெமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்து, 1879 ஜனவரி 26ஆம் நாள் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் மறைந்தவர். விண்வெளிக்கும் இவருக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். வானியல் அறிஞர் சேர் ஜோன் ஹேர்ஷல் இவருடைய நெடுநாள் நண்பர். நன்னம்பிக்கை முனையில் இருந்துகொண்டு தென்வானத்து விண்மீன்களைக் கணக்கெடுத்த அந்த ஹேர்ஷலே, புகைப்படத்தை அழியாமல் நிலைநிறுத்தும் 'ஹைப்போ' இரசாயனத்தின் பயனைக் கண்டவர். 'போட்டோகிராபி' என்ற சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர். 1867இல் கெமரன் பிடித்த ஹேர்ஷலின் முகம், இருளிலிருந்து ஒரு கோள் எழுவது போல நரைமயிர் ஒளிர எழுகிறது. நிலவின் விளிம்பில் எழும் பூமியைக் கண்டபோது நமக்கு இந்த முகமே நினைவுக்கு வந்தது.

கெமரனின் கணவர் சார்ல்ஸ் ஹே கெமரன், 1833இன் ஆட்சிச் சீர்திருத்தங்களுக்கு வழிவகுத்த கோல்புறூக்–கெமரன் ஆணைக்குழுவின் உறுப்பினர். இலங்கையில் கோப்பித் தோட்டங்களின் உரிமையாளர். 1875இல் குடும்பம் இங்கே வந்தது. இலங்கையில் ஜூலியா எடுத்தவற்றுள் முப்பதுக்கும் குறைவான படங்களே எஞ்சியுள்ளன. கிராமத்தாரும் தோட்டத் தொழிலாளரும் அவற்றில் நிற்கிறார்கள். தலைப்புகளோ 'களுத்துறைக் குடியானவர் குழு', 'இளம்பெண், இலங்கை' என்ற அளவில் முடிகின்றன. களுத்துறையில் அவரைக் காண வந்த தாவர ஓவியர் மரியான் நோர்த் மட்டும் படத்தில் பெயரோடு நிற்கிறார். கெமரன் ஏழைகளை மதியாதவர் என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. இங்கிலாந்தில் தம் பணிப்பெண் மேரி ஹில்லியரைக் கன்னி மரியாளாக நிறுத்திப் படமெடுத்தவர் அவர். அந்தப் பணிப்பெண்ணின் பெயரைக் கலை வரலாறு இன்றும் சொல்கிறது. இலங்கைப் படங்களிலும் முகங்கள் கண்ணியம் குன்றாமல் நம்மை நேரே நோக்குகின்றன. கலைஞரின் கண் மாறவில்லை. கடல் கடந்ததும் பெயர் கேட்கும் வழக்கம் கைவிடப்பட்டது. குடியேற்ற ஆட்சியின் இயல்பு ஒரு நல்ல கலைஞரின் கையையும் எவ்வாறு பிடித்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

பின்னர் வந்தது அஞ்சலட்டை வியாபாரம். 1890இல் கொழும்பில் தோன்றிய பிளாட்டே முதலிய நிறுவனங்கள் கூடையும் மூக்குத்தியுமாகப் பெண்களை நிறுத்தி, 'தமிழ்க் கூலிப்பெண்' போன்ற தலைப்புகளோடு கப்பற் பயணிகளுக்கு விற்றன. இதில் ஒரு நுட்பத்தை வாசகர் கவனிக்க வேண்டும். அவளுடைய பெயர் எவருக்கும் தெரியாத ஒன்றன்று. தோட்டத்துச் செக்ரோலில் நாள்தோறும் 'பேர்' பதிந்தார்கள். அரைப்பேர் போடவும் கடனைக் கழிக்கவும் பெயர் வேண்டியிருந்தது, படத்துக்கு வேண்டியிருக்கவில்லை.

மீண்டும் அந்த நீலப் பூமியைப் பார்ப்போம். எல்லைக்கோடு எதுவும் அதில் இல்லை என்று உலகம் வியந்தது. 1969 ஜூலையில் நிலவில் வைத்த தகட்டில் மனிதகுலம் முழுவதன் சார்பாக வந்தோம் என்று பொறித்தார்கள். அதே ஆண்டுகளில் இம்மலைகளில் வாழ்ந்தவர்களுள் மிகப் பலர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லர். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிகுதி பின்னர் பார்ப்போம் என்று பங்கிட்டது. நாடற்ற நிலையை முடிக்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. விண்ணிலிருந்து தெரியாத கோடு மண்ணில் இல்லையென்று பாடம் நடத்தும் ஆசிரியர் இந்த எண்களையும் கரும்பலகையில் எழுதுதல் நலம்.

1972 டிசம்பர் 7ஆம் நாள் அப்போலோ 17 எடுத்த முழுப் பூமிப் படம் இன்னொரு பாடம். ஆபிரிக்காவையும் மடகாஸ்கரையும் எல்லோரும் காண்பர். வலப்புற மேல் விளிம்பில் சுருண்டு கிடக்கும் மேகத்தை எத்தனை பேர் கண்டிருப்பர்? இரு நாள்களுக்கு முன் கடலூர்ப் பகுதியில் கரையேறித் தமிழ்நாட்டை அலைக்கழித்த புயல் அது. உலகில் மிகுதியாக அச்சான படங்களுள் ஒன்றில் நம்மவர் துயரம் வெள்ளைச் சுழியாக நிற்கிறது. படம் பொய் சொல்லவில்லை. அருகிருந்து படிப்பவன் இல்லாதபோது அது ஊமையாகிவிடுகிறது.

இன்று லான்ட்சட் செய்மதிகளின் படங்கள் 2008 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. நுவரெலியாவின் தேயிலை மலைகளை மாணவர் தாமே பார்க்கலாம். ஆனால் அவற்றில் ஒரு படப்புள்ளி 30 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் கொண்டது. 900 சதுர மீற்றர். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிரா ஏறத்தாழ 11 சதுர மீற்றர். எண்பது காம்பிராக்கள் ஒரு புள்ளிக்குள் அடங்கும். தேயிலையின் பசுமையை அளந்து விளைச்சலைக் கணிக்க அப்புள்ளி போதும். லயத்தைக் காணப் போதாது. 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானதென்று அதிகாரிகள் முன்னரே எச்சரித்திருந்தார்கள். ஆபத்தை அறியும் கருவி இல்லாமையால் நேர்ந்த மரணங்களல்ல அவை. அறிந்தபின் மக்களை இடம்பெயர்த்து வீடு கட்டித் தர எவரும் முனையாமையால் நேர்ந்தவை.

ஆகவே விண்வெளிக் களஞ்சியத்திலிருந்து நாம் கற்க வேண்டியது அதன் வண்ணங்களையன்று, அதன் பதிவு முறையை. அங்கும் கவனக்குறைவு உண்டு. அப்போலோ 11இன் மூல நாடாக்கள் அழிக்கப்பட்டு வேறு வேலைக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்று நாசா 2009இல் தெரிவித்தது. 1966, 1967இல் நிலவைப் படமெடுத்த லூனார் ஓர்பிட்டர் கலங்களின் நாடாக்களோ, நான்சி எவன்ஸ் என்ற அலுவலர் அவற்றை எறிய மறுத்துப் பல்லாண்டு காத்ததால் பிழைத்தன. பின்னர் கைவிடப்பட்ட ஓர் உணவகக் கட்டடத்தில் பழைய இயந்திரங்களைப் பழுதுபார்த்து அப்படங்களை மீட்டார்கள். வசதி இல்லை என்று சொல்லும் நம்மவர்க்கு இது எடுத்துக்காட்டு. தகரப் பெட்டிகளிலும் சாமிப்படத்தின் பின்னும் கிடக்கும் தோட்டத்துப் படங்களை, நிற்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று அறிந்த முதியவர் உள்ளபோதே மேல்வகுப்பு மாணவர் எழுதி எண்ணிடத் தொடங்கலாம்.

தேடுபவர் கையில் முதலில் அகப்படக்கூடியது எது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்குப் போக எடுத்த கடவுச்சீட்டுப் படம் அது. பல குடும்பங்களில் பாட்டனுக்கும் பாட்டிக்கும் அதைத் தவிர வேறு படம் இல்லை. அதில் வரிசை எண் உண்டு, நாள் உண்டு, முத்திரை உண்டு. தோட்டத் தொழிலாளியின் முகத்தோடு அவர் பெயரையும் தவறாமல் எழுதிவைத்த அரசுப் படம், அவரை இம்மண்ணிலிருந்து அனுப்புவதற்காக எடுத்த படமாயிருக்கிறது.