குடத்துக்கு விழுந்த வாக்கு

கண்டிப் பகுதி முஸ்லிம் எழுத்தில் அரசியல் இல்லை எனச் சொல்ல மாட்டேன். தேர்தல் வரும், அமைச்சர் வருவார், தொழிலுக்காக அவர் வீட்டு வாசலில் நிற்கும் வாலிபனும் வருவான். நான் வாசித்த அளவில் வராதவன் எதிர்க்கட்சிக்காரன். வந்தாலும் வாய்ச்சவடால்காரனாக வந்து போய்விடுகிறான். எனது கதைகளும் இதற்கு விலக்கல்ல.

இக்குறையின் வேர் 1982இல் உள்ளதென்பது எனது அபிப்பிராயம். 1980 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் ஏழாண்டுகளுக்குப் பறிக்கப்பட்டன. ஆகவே 1982 ஒக்டோபர் ஜனாதிபதித் தேர்தலில் சுதந்திரக் கட்சி யட்டிநுவர முன்னாள் உறுப்பினர் ஹெக்டர் கொப்பேகடுவவை நிறுத்தித் தோற்றது. பொதுத்தேர்தலுக்குப் பதிலாக டிசம்பர் 22இல் சர்வஜன வாக்கெடுப்பு வந்தது. விளக்குக்கு வாக்களித்தால் 1977இல் தெரிவான பாராளுமன்றமே மேலும் ஆறாண்டு நீடிக்கும்; குடத்துக்கு வாக்களித்தால் நீடிக்காது. விளக்கு 54.66 வீதம் பெற்றது. அடுத்த பொதுத்தேர்தல் 1989இல்தான் நடந்தது.

எதிர்க்கட்சியை வெறும் பலிக்கடாவாகக் காட்டினாலும் எழுத்து பொய்யாகிவிடும். 1970இல் ஐந்தாண்டுகளுக்குத் தெரிவான சிறிமாவோ அரசு, 1972 அரசியலமைப்பைக் கொண்டு 1977 வரை நீடித்துக்கொண்டது. அதை எதிர்த்து 1975இல் தமது ஆசனத்தைத் துறந்து, இடைத்தேர்தலில் மீண்டும் வென்றவர் ஜே.ஆர். ஜயவர்தன. ஏழாண்டுகளின் பின் அவரே அதைச் செய்தபோது, எதிர்த்துப் பேசியவர்களின் குரலில் பழைய கறை இருந்தது. இம்முரண் ஒரு நாவலுக்குப் போதாதா?

அந்நாளில் கட்டுகஸ்தோட்டையில் கடை வைத்திருந்த எங்கள் வாப்பா விளக்குக்குப் போட்டார். ஹாரிஸ்பத்துவ உறுப்பினர் ஏ.சி.எஸ். ஹமீத் வெளிநாட்டமைச்சராக இருந்த காலம் அது. "நம்மட ஆள் இருக்கிற பக்கம்தான் நமக்குப் பாதுகாப்பு" என்றார். உம்மா குடத்துக்குப் போட்டிருக்கிறார். வாப்பா மௌத்தாகிய பிறகே அதை எங்களிடம் சொன்னார்.

வாப்பாவின் பயத்தை நான் இகழவில்லை. ஆனால் 2018 மார்ச்சில் திகனயில் நமது கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோதும் அமைச்சரவையில் நம்மவர்கள் இருந்தார்கள். ஆளுங்கட்சியின் நிழல் எவ்வளவு தூரம் காக்கும் என்பதை அந்நாட்களில் கண்டோம்.

குடத்துக்கு வாக்களித்தோர் சுமார் 26 இலட்சம் பேர். அவர்களுள் நமது வீடுகளில் வாய் திறக்காதிருந்தவர்களும் உண்டு. வாப்பாவின் பயத்தையும் உம்மாவின் மௌனத்தையும் ஒரே கதையில் வைத்து எழுத நம்மால் முடியவேண்டும். நான் இன்னும் எழுதவில்லை. இவ்விமர்சனம் முதலில் எனக்கே உரியது.